வளவு வீடு, ஏழு மாத வாடகைப் பாக்கி: பதில் நோட்டீஸ் வந்த பிறகு என்ன செய்வது?

கேள்வி: திருநெல்வேலி டவுனில் எங்கள் வளவில் (பல வீடுகள் சேர்ந்த காம்பவுண்டில்) ஒரு வீட்டை 2016-இல் வாய்ப்பேச்சாக வாடகைக்கு விட்டேன். மாதம் ₹7,000, அட்வான்ஸ் ₹30,000. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாடகை தரவில்லை. 15 நாளில் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் விட்டேன். "வாடகையை மாதாமாதம் கையில் கொடுத்துவிட்டேன். மோட்டாருக்கும் செப்டிக் டேங்குக்கும் ₹18,000 செலவழித்திருக்கிறேன். பாக்கி என்று ஏதாவது இருந்தால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும்" என்று பதில் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் தானாகப் போய்விடுவார் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஃபியூஸில் கை வைக்காதீர்கள், ஐயா. மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்த வீட்டுக்காரருக்குச் சட்டம் இடம் தரவில்லை. பூட்டுப் போட்டு வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்ப உள்ளே வர முடியும். பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவராகவும், நீங்கள் எதிராளியாகவும் ஆகிவிடுவீர்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பாக்கி ₹49,000. அட்வான்ஸ் முழுவதையும் கழித்தாலும் ₹19,000 நிற்கும். அது இரண்டு மாத வாடகைக்கு மேல்; பாக்கியைக் காட்டிக் காலி செய்யக் கேட்க அவ்வளவாவது வேண்டும். ஆனால் ரிப்பேர் ₹18,000-ஐயும் கழித்தால் மிச்சம் ₹1,000 தான். அவருடைய வக்கீல் இந்தக் கணக்கைத்தான் நீதிமன்றத்தில் வைப்பார். அட்வான்ஸ் என்பது வீட்டை ஒப்படைக்கும்போது திருப்ப வேண்டிய தொகை, மாத வாடகைக்குப் பதில் அல்ல என்பது உங்கள் வாதம். ரிப்பேருக்கு அவரிடம் பில் இருக்கிறதா, வேலைக்கு முன்னால் உங்களிடம் சொன்னாரா என்று கேளுங்கள். மோட்டார் வளவு முழுவதற்கும் பொது என்றால் அது உங்கள் செலவுதான். நீங்கள் சரி என்று சொல்லி அவர் செய்திருந்தால், அந்தத் தொகையை இப்போதே ஒப்புக்கொண்டு கழித்துவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் நீங்கள் சொல்லும் மற்றதும் நம்பப்படாது.

பணம் கொடுத்தேன் என்பவர்தான் கொடுத்ததை நிரூபிக்க வேண்டும். மாதாமாதம் கொடுத்தவர் அட்வான்ஸில் கழிக்கச் சொல்வானேன் என்ற கேள்வியும் இருக்கிறது. அவருடைய பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடுங்கள். "ஆனித் தேர் முடியட்டும் அண்ணாச்சி, மொத்தமா தந்திருதேன்" என்று ஜூலையில் ஒரு வரி அனுப்பியிருந்தால், அதுவரை தரவில்லை என்பதற்கு அவர் வாயாலேயே சாட்சி. போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது; 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். முன்பு ஜிபேயில் வாடகை வந்திருந்தால் வங்கிக் கணக்கு விவரமும் வாங்குங்கள். மார்ச் வரை கணக்கில் வந்த வாடகை ஏப்ரலில் திடீரென்று ரொக்கமாக மாறியது ஏன் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் காலி செய்யக் கேட்க உங்களுக்கு இரண்டு காரணங்கள் கிடைக்கின்றன. 21(2)(பி) பிரிவு பாக்கிக்கானது: பாக்கியைக் கேட்கும் நோட்டீஸ் அவரிடம் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் கட்டாவிட்டால் மனு போடலாம். உங்கள் பழைய நோட்டீஸ் 15 நாள்தான் கொடுத்தது, அது உதவாது. 21(2)(ஏ) எழுத்து ஒப்பந்தம் ஏற்படாததற்கானது. இதில் கணக்கு வழக்கே வராது. 2019-க்கு முந்தைய வாய்ப்பேச்சு வாடகை என்பதால் இது உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பாக்கியை மட்டும் நம்பிப் போகாமல் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

புதிய நோட்டீஸில் பாக்கியை மாதவாரியாக எழுதுங்கள். மின்கட்டணத்தையும் தண்ணீர்க் கட்டணத்தையும் அதோடு கலந்து ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். கூடவே, இதே வாடகைக்கு ஒரு வரைவு ஒப்பந்தம் வைத்துக் கையெழுத்துக் கேளுங்கள். போட்டுவிட்டால் எழுத்து ஒப்பந்தம் இல்லை என்ற காரணம் போய்விடும், உண்மைதான். ஆனால் வாடகைத் தொகையும் அவர் குடியிருப்பும் எழுத்தில் வந்துவிடும். பிறகு வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடலாம். மறுத்தால், மறுத்தது நீங்கள் அல்ல என்பது தெளிவாகும்.

நோட்டீஸை ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் கவரைப் பிரிக்காதீர்கள். தபால்காரரின் குறிப்போடு மூடிய கவராகவே நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

இதற்கு நடுவில் அவர் திடீரென்று ₹7,000 போட்டுவிடலாம். பேசாமல் இருந்தால், நோட்டீஸைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று வாதிடுவார்கள். அன்றைக்கே "ஏப்ரல் மாதப் பாக்கிக்கு, என் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் வரவு வைத்தேன்" என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

ஒரு மாதம் கழிந்ததும் வாடகை நீதிமன்றத்தில் மனு. வழக்கு நடக்கும் காலத்து வாடகையைக் கட்டச் சொல்லும் இடைக்கால மனுவையும் சேர்த்தே போடுங்கள். பாக்கியைத் தனியாக வசூலிக்க வழக்குப் போடுவதானால், ஒவ்வொரு மாத வாடகைக்கும் அது பாக்கியான நாளிலிருந்து 3 ஆண்டுதான் காலக்கெடு.

வீடு கிராம ஊராட்சி எல்லையில் இருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்து உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும். உங்கள் வளவு மாநகராட்சிக்குள் இருப்பதால், வீட்டு வரி ரசீதை மனுவோடு இணைத்துவிடுங்கள்.