பிரஸ்ஸில் எழுத்து மாறிப்போனது ஏன்?

கேள்வி: கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் அழகாக இருந்த தமிழ் எழுத்து, பிரஸ்ஸில் திறந்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது. அச்சில் பச்சையும் மங்கல். இலவச மென்பொருள் என்பதால்தானா? (வாசகி, ஈரோடு)

இலவசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்க்ஸ்கேப் சேமித்துத் தரும் உங்கள் எஸ்விஜி ஃபைலை ஒருமுறை நோட்பேடில் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான். இன்ன ஃபான்ட்டில் இன்ன வார்த்தை என்று குறிப்பு மட்டும் இருக்கும், ஃபான்ட் இருக்காது. பிரஸ் கம்ப்யூட்டரில் அது இல்லையென்றால் வேறொரு ஃபான்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அனுப்பும் முன் எழுத்தைத் தேர்வு செய்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். அதன்பிறகு அது வெறும் கோடு, எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. மாப்பிள்ளை பெயரில் ஒற்று விட்டுப்போச்சு என்று கடைசி நேரத்தில் போன் வரும் தொழில் உங்களுடையது, ஆகவே அசல் ஃபைலைத் தனியாக வைத்துக்கொண்டு நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

நிறத்தில் உங்கள் புகார் நியாயம். இங்க்ஸ்கேப் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவையில் வேலை செய்கிறது, அச்சுக்கோ சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை கலக்கும் சிஎம்ஒய்கே. பளிச்சென்ற பச்சை மங்குவது ஒருபுறம் இருக்கட்டும், கறுப்பே நாலு மையும் கலந்து விழுந்து பொடி எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். ஸ்க்ரைபஸ் என்ற, பக்கம் வடிவமைக்கும் இன்னொரு திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளில் எஸ்விஜியை இறக்கி, நிறங்களை சிஎம்ஒய்கேவாக மாற்றி பிடிஎஃப் எடுங்கள். சுற்றுவழிதான், வேறென்ன செய்வது.

கேள்வி: நிரல் மொழிகளில் பைத்தான் கொஞ்சம் தெரியும், சி++ பார்த்தாலே பயம். இங்க்ஸ்கேப் உருவாக்கத்தில் எனக்கு இடமுண்டா? (மாணவர், திருநெல்வேலி)

தாராளமாக. 2003ல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து நாலு பேர் பிரிந்து வந்து தொடங்கியதுதான் இங்க்ஸ்கேப், 1.0 என்ற எண்ணைத் தொட 2020 மே ஆனது. அத்தனை வருட சி++ நிரல் குவியலுக்குள் முதல் நாளே இறங்க வேண்டாம். எக்ஸ்டென்ஷனில், அதாவது இங்க்ஸ்கேப்போடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கூடுதல் நிரலில் தொடங்குங்கள், அதற்கு பைத்தான் போதும்.

இரண்டு ஃபைல். ஐஎன்எக்ஸ் ஃபைல் மெனுவில் என்ன பெயர், என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லும். பைத்தான் ஃபைல் படத்தை எஸ்விஜியாகவே வாங்கி, மாற்றி, திருப்பிக் கொடுக்கும். இதற்கு உதவும் தயார் நிரல்களின் தொகுப்பான இங்க்எக்ஸ் என்ற நூலகம் இங்க்ஸ்கேப்போடு கூடவே வருகிறது. பிரிஃபரன்சஸில் சிஸ்டம் பகுதியில் காட்டும் எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரில் இரண்டையும் போட்டு இங்க்ஸ்கேப்பை மறுபடி திறந்தால் மெனுவில் வந்துவிடும். முதல் முயற்சிக்கு எத்தனை வரிசை, எவ்வளவு இடைவெளி என்று கேட்டுப் புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்துத் தரட்டும். ஒய் அச்சு மட்டும் பள்ளிக்கூட கிராஃப் போல மேலே போகாது, கீழே போகும். நான் இதில் ஒரு சாயங்காலத்தையே தொலைத்திருக்கிறேன்.

அப்புறம், பக் (மென்பொருளில் உள்ள பிழை) சொல்வதும் வேலைதான். முழு ஃபைலையும் அனுப்பாதீர்கள். தேவையில்லாததை அழித்துக்கொண்டே போய், பக் இன்னும் வருகிற மிகச் சின்ன ஃபைலாக்கி, எந்த வெர்ஷன் என்ற குறிப்போடு, இங்க்ஸ்கேப் குழு பக்குகளை வாங்கிக்கொள்ளும் கிட்லேப் தளத்தில் போடுங்கள்.