கூட்டம் சொன்னால் சரியா?

கேள்வி: இணையச் செய்தியின் மேல் பலர் சேர்ந்து குறிப்பு எழுதி, அதை நம்பலாமா என்று சொல்கிறார்களாமே. கூட்டம் சொல்வது சரியாகத்தான் இருக்குமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எனக்குப் பிடித்த உதாரணம் 'கிளைமேட் ஃபீட்பேக்' என்ற இணையதளம். பருவநிலை பற்றிய செய்திக் கட்டுரையை அந்தத் துறை விஞ்ஞானிகள் 'ஹைப்போதெசிஸ்' என்ற கருவியில் திறந்து, வரிகளுக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதுவார்கள். கடைசியில் கட்டுரையின் நம்பகத்தன்மைக்கு −2 முதல் +2 வரை மதிப்பெண்.

2017 ஜூலையில் 'நியூயார்க்' இதழ், பூமி மனிதர் வாழ முடியாத இடமாகிவிடும் என்று ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. இந்த விஞ்ஞானிகள் அதற்குக் கொடுத்த மதிப்பீடு, 'குறைந்த நம்பகத்தன்மை'. இவர்கள் புவி வெப்பமாதலை மறுப்பவர்கள் அல்ல, அதையே ஆராய்கிறவர்கள். நம் பக்கம் பேசும் கட்டுரைதானே என்று விட்டுவிடவில்லை. செயற்கைக்கோள் தரவு பற்றிய வரியில் பிழை இருந்தது. இதழ் அதைத் திருத்தியது. அப்புறம் ஆதாரக் குறிப்புகளோடு ஒரு பதிப்பையும் வெளியிட்டது. இந்த நேர்மைக்காகவே எனக்கு இந்த முறையின் மேல் பெரிய மதிப்பு.

எக்ஸ் தளத்தின் 'கம்யூனிட்டி நோட்ஸ்' வேறு வகை. எழுதுகிறவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. வழக்கமாக எதிரெதிராக மதிப்பிடுகிறவர்கள் ஒரே குறிப்பைப் பயனுள்ளது என்றால்தான் அது எல்லோர் பார்வைக்கும் வரும். வெறும் பெரும்பான்மை போதாது என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த உடன்பாடு வருவதற்குள் பொய் ஊரைச் சுற்றிவிடுகிறது. அதனால், குறிப்பு இல்லை என்பதற்காகச் செய்தியை உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பு இருந்தால், அதில் தந்திருக்கும் ஆதாரத்தைத் திறந்து படியுங்கள்.