மலைப்பாதைப் பயணமும் குழந்தை இருக்கையும்

கேள்வி: எங்கள் நான்கு மாதக் குழந்தையுடன் கண்டிக்கு அடிக்கடி காரில் போகிறோம். மடியில் வைத்துக்கொள்வதே பத்திரம் என்கிறார் மாமியார். இருக்கை வாங்குவதானால் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகி, ஹட்டன்

பதில்: மாமியாரின் அக்கறை புரிகிறது, ஆயினும் வாகனம் மோதும் கணத்தில் குழந்தை பன்மடங்கு விசையோடு முன்னே பாய்வதால், எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும் தாயின் கைகள் தாங்கமாட்டா. பின்னோக்கி அமரும் இருக்கையையே வாங்குங்கள். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து மென்மை; பின்னோக்கி இருந்தால் அந்த விசை முதுகு முழுவதும் பரவிக் கழுத்தைக் காக்கும். குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா.வின் ஆர் 129 தரம் 15 மாதங்கள் வரையேனும் இதைக் கட்டாயமாக்குகிறது. எயார்பேக் உள்ள முன்னாசனத்தில் ஒருபோதும் பொருத்தாதீர்கள்.

உங்கள் ஊர்க் குளிருக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தடித்த ஸ்வெட்டரின் மேல் இருக்கையின் பட்டியை மாட்டினால், மோதும்போது கம்பளி நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடையின் மேல் பட்டியை இறுக்கி, தோளருகே கிள்ளிப் பாருங்கள். விரல்களில் மடிப்புச் சிக்கக்கூடாது. அதன் பிறகே போர்வையைப் போர்த்துங்கள். தாடை நெஞ்சில் சரிந்தால் மூச்சு தடைப்படும் என்பதால், இருக்கையின் சாய்வைக் காரைச் சமதளத்தில் நிறுத்திச் சரிபாருங்கள், வீட்டுவாசல் ஏற்றத்தில் அல்ல. பழைய இருக்கையாயின், விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி வாங்க வேண்டாம்.