ஜப்பானில் ஆன்சென் குளத்தில் இறங்கும் முன்பே ஏன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்கிறார்கள்?

ஆன்சென் என்பது ஜப்பானின் இயற்கை ஊற்றுநீர்க் குளியல். பெரும்பாலும் எரிமலைச் சூட்டில் காய்ந்து, பாறைகளின் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு மேலே வரும் தண்ணீர்.

அந்தக் குளம் அழுக்குத் தேய்க்க அல்ல, ஊறிக் கிடக்க. ஒரே தண்ணீரில் பலர் உட்காருவார்கள். வீட்டில் குடிதண்ணீர்ப் பானைக்குள் யாரும் கையை விடுவதில்லையே, அதே நியாயம்தான். அதனால் முதலில் குழாயடியில் இருக்கும் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை ஒரு பொட்டுகூட இல்லாமல் அலசிவிட்டுத்தான் இறங்க வேண்டும். உடையும் கூடாது, ஆண், பெண் பெரும்பாலும் தனித்தனி. கையிலிருக்கும் சின்னத் துண்டை நீரில் நனைக்காமல், மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். பச்சை குத்தியவர்களைச் சில இடங்களில் விடமாட்டார்கள், முன்பே கேட்டுவிடுங்கள்.

பௌத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. பழைய கோயில்களில் துறவிகளின் தூய்மைக்காகக் குளியல் கூடங்கள் இருந்தன. ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அவற்றைத் திறந்துவிட்டதும் உண்டு. நாராவின் தோதாய்ஜி கோயிலில் அப்படியொரு கட்டடம் இன்னும் நிற்கிறது. சரி, கோயிலும் ஊற்றும் ஒரே ஊரில் வேண்டுமென்றால்? இசு தீபகற்பத்தின் ஷுசென்ஜிதான் என் தேர்வு. அங்கே ஆற்றுக்குள்ளேயே ஓர் ஊற்று. 807-இல் கூக்காய் துறவி பாறையைத் தட்டி வரவழைத்தார் என்பது ஐதீகம். பார்க்கலாம், அதில் குளிக்க முடியாது.

அப்புறம், ஆன்சென் என்றாலே கொதிக்கும் தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊற்றில் 25 டிகிரி செல்சியஸ் இருந்தாலே போதும். குறிப்பிட்ட தாதுக்களில் ஒன்று போதிய அளவு இருந்தால் குளிர்ந்த ஊற்றும் ஆன்சென்தான், அதைச் சூடாக்கிப் பயன்படுத்துவார்கள்.