விமான எஞ்சினில் புது சிலிண்டர் போட்டால் 'பிரேக்-இன்' எதற்கு?

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் புது சிலிண்டர் போட்டதும், பிஸ்டன் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையம்) சிலிண்டர் சுவரும் உரசி ஒன்றோடொன்று பொருந்தும்வரை ஓட்டுவதுதான் பிரேக்-இன். சுவரில் வேண்டுமென்றே மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வைர வடிவக் கட்டங்களாகத் தெரியும். கீறல்களுக்கு நடுவே இருக்கும் மேடுகள் தேய்ந்தால்தான் ரிங் வாயு கசியாமல் நன்றாக அடைக்கும். புது அம்மியில் குழவி படியப் படியத்தானே மசிய அரைபடுகிறது, அதுபோல.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். அதனால் ஏறக்குறைய 75 சதவீத சக்தியில் பறக்க வேண்டும். லைகாமிங் நிறுவனத்தின் விமான எஞ்சின்களில் பெரும்பாலும் முதல் 50 மணி நேரமோ, ஆயில் குறைவது ஒரே அளவில் நிற்கும்வரையோ அழுக்கைக் கலைக்கும் சேர்மானம் இல்லாத சாதாரண மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

புதுசு என்று மெதுவாக ஓட்டுவது நல்லதல்ல. ஆயில் கருகிக் கண்ணாடிபோல் கீறல்களில் படிந்துவிடும், அப்புறம் சிலிண்டரைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.