சாவியை ஆஃப் பண்ணியும் டீசல் இன்ஜின் நிக்காம ஓடுறது ஏன்? அப்புறம் அந்த இன்ஜினைத் திரும்பக் கட்ட முடியுமா?

சாவியைத் திருப்பியும் நிக்காம ரேஸ் தானா ஏறிட்டே போறதைத்தான் ரன்அவேன்னு சொல்றாங்க. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாதுங்க, காத்தை நசுக்குற சூட்டுலயே பத்திக்கும், அதனால டர்போவோட (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற விசிறி) சீல் போயி இன்ஜின் ஆயில் காத்தோட உள்ள போச்சுன்னா டீசலை நிறுத்துனாலும் அந்த ஆயில்லயே ஓடும். எண்ணெய்ச் சட்டி தீப்புடிச்சா கேஸை மட்டும் மூடுனாப் பத்தாது, தட்டைப் போட்டுக் காத்தை அடைக்கோணும்ல, அதே மாதிரி இன்ஜின் காத்து இழுக்குற வாயை அடைக்கோணும். ஆனா கையை வெச்சு அடைச்சறாதீங்க, இழுத்துக்கும், கெட்டிப் பலகை வேணும்.

சங்ககிரி, நாமக்கல் பக்கம் பட்டறைல இன்ஜினை இறக்குனா மொதல்ல கிராங்கை (பிஸ்டனோட ஓட்டத்தைச் சுத்தா மாத்துற தண்டு) தாங்குற பேரிங் ஷெல்லைப் பாருங்க, மேல்பூச்சு தேஞ்சு செம்பு நிறம் தெரிஞ்சா ஆயில் பத்தாம ஓடியிருக்கு, கிராங்கை அளந்து, தேஞ்சிருந்தா கிரைண்டிங் போடோணும், பிஸ்டனையும் கிராங்கையும் சேக்குற கனெக்டிங் ராடு கோணியிருக்கான்னும், வால்வு பிஸ்டன்ல இடிச்சிருக்கான்னும் பாக்கோணும். ராடு பிளாக்கை ஒடச்சுட்டு வெளிய வந்திருந்தா வேற இன்ஜின் தேடறதே நல்லது. இதெல்லாத்தையும் விட முக்கியம், டர்போல இருந்து வர்ற சூட்டுக் காத்தை ஆத்துற இன்டர்கூலருங்க! கழட்டிக் கவுத்தா கருகருன்னு ஆயில் ஒழுகும், அதைக் கழுவாம புது டர்போ மாட்டுனா மறுபடி அதே மாதிரி கத்திட்டு ஓட ஆரம்பிச்சுரும்.

பேட்டரி வயரைக் கழட்டுனா நின்னுரும்னு நிறையப் பேரு நெனைக்கறாங்க, நிக்காதுங்க, ஆயில் எரியறவரைக்கும் கரண்டுக்கு அங்க வேலையே இல்ல.