இரண்டு பேர் சேர்ந்து தங்கினால் குற்றமா? பாலியல் தொழிலும் சட்டமும்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

மும்பைத் தமிழர் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்கள் யார் என்று தெரியக் கூடாது என்பதற்காகப் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

நானும் என் தோழியும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். எங்களுக்குப் புரோக்கர் கிடையாது. "தொழில் செய்வதே குற்றம்" என்று போலீசார் மிரட்டுகிறார்கள். உண்மையா? (வாசகி, தாராவி)

இல்லை. வயது வந்த பெண் தன் விருப்பத்தின் பேரில் இத்தொழிலைச் செய்வதை 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. ரெய்டில் பிடிபட்ட மூன்று பெண்களை ஓராண்டு காப்பகத்தில் வைக்க மேஜிஸ்திரேட் போட்ட உத்தரவை, 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது இதைத் தெளிவாகவே சொன்னது.

ஆனால் சகோதரி, தொழிலைச் சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் அதே சட்டம் தண்டனை வைத்திருக்கிறது. இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் வருமானத்துக்காக ஓர் இடத்தைப் பயன்படுத்தினால், அந்த இடமே விபசார விடுதி ஆகிவிடுகிறது. தெரிந்து வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரும் சிக்குவார். தெருவில் நின்று சைகை காட்டி அழைத்தால் 8ஆம் பிரிவு. கோயில், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் 7ஆம் பிரிவு. இவை எதுவும் 200 மீட்டருக்குள் இல்லாத சந்து தாராவியில் எங்கே இருக்கிறது? ஆபத்தென்றால் குரல் கொடுக்கப் பக்கத்து அறையில் ஒருத்தி இருப்பதுதான் உங்களுக்குள்ள முதல் பாதுகாப்பு. அதையே சட்டம் குற்றமாக்கி வைத்திருப்பது பெரும் அநியாயம். இந்தப் பிரிவுகள் திருத்தப்பட வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் சொல்லி வருகிறேன்.

வாடிக்கையாளர் ஒருவன் என் தோழியை அடித்து, பலவந்தப்படுத்தி, பணத்தையும் பறித்துக்கொண்டு போய்விட்டான். ஸ்டேஷனுக்குப் போனால் அவள் மீதே வழக்குப் போடுவார்களோ என்று பயப்படுகிறாள். (வாசகி, ஆன்டாப் ஹில்)

அவள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. என்றாலும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். பணம் வாங்கினாள் என்பதற்காக எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள் என்று ஆகிவிடாது. அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு நடந்தது பாலியல் வன்கொடுமைதான். இரவில் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைய முயன்ற மகாராஷ்டிர போலீஸ் இன்ஸ்பெக்டரின் பணிநீக்கம், அவள் ஒழுக்கமில்லாதவள் என்ற வாதத்தின் பேரில் ரத்தானது. 1990இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டுப் பணிநீக்கத்தை உறுதி செய்தது. எப்படிப்பட்ட பெண்ணாக இருந்தாலும் அவளுக்கு அந்தரங்க உரிமை உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது.

எந்த ஸ்டேஷனுக்கும் போகலாம். சம்பவம் நடந்த இடம் தங்கள் எல்லைக்குள் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். உங்கள் தோழி தமிழில் சொல்வாள், அவர்கள் மராத்தியில் எழுதுவார்கள். பல வழக்குகள் கெடுவது இந்த இடத்தில்தான். "பலவந்தம்" என்று அவள் சொன்னது "பணத் தகராறு" என்று பதிவாகியிருக்கும், அவளும் கையெழுத்துப் போட்டிருப்பாள். மராத்தி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். முழுவதையும் வாசித்து விளக்கிய பிறகு கையெழுத்துப் போட்டால் போதும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை. உடைகளைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடியாக, கட்டணமின்றிச் சிகிச்சை தர வேண்டும். வழக்கறிஞர் வேண்டுமென்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண் என்ற ஒரு தகுதியே அதற்குப் போதும்.

ரெய்டில் கைப்பையிலிருந்த ஆணுறைகளைப் பஞ்சநாமாவில் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் போலீஸ் பதிவில்) சாட்சியமாக எழுதிக்கொண்டார்கள். சரியா? (வாசகி, கிராண்ட் ரோடு)

தவறு. உடல்நலத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் வைத்திருப்பதைக் குற்றத்தின் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று 2022 மே 19ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் முதல் நாளே இதை எடுத்துச் சொல்ல வேண்டும். போலீசுக்குப் பயந்து ஒரு பெண் ஆணுறையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால், அவளுக்கு வரும் நோய்க்கு யார் பொறுப்பு?

அந்த உத்தரவோடு தொழிலுக்கு முழு அங்கீகாரம் கிடைத்துவிட்டதாக அன்று பலரும் எழுதினார்கள். அப்படி இல்லை. விருப்பத்துடன் தொழில் செய்யும் வயது வந்தவர்களிடம் போலீஸ் தலையிடக் கூடாது, ரெய்டில் அவர்களைக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அமைத்த குழு தந்த பரிந்துரைகளுக்கு மத்திய அரசு தயக்கம் தெரிவித்ததால், அவை கட்டாய உத்தரவாகவில்லை. செய்தித்தாளைக் காட்டி போலீசாரிடம் வாதாடி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எனக்கு 19 வயது. அம்மாவின் இந்த வருமானத்தில்தான் கல்லூரியில் படிக்கிறேன். என் மீது வழக்கு வருமா? (வாசகர், செம்பூர்)

தம்பி, சட்டத்தின் எழுத்துப்படி அதற்கு இடமிருக்கிறது. 18 வயதைக் கடந்தவர், தெரிந்தே இந்த வருமானத்தில் வாழ்ந்தால் 4ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. தொழில் செய்யும் பெண்ணுடன் கூடவே வசித்தால், அவள் வருமானத்தில் வாழ்வதாகச் சட்டம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உன் பொறுப்பு. சுரண்டுபவர்களைப் பிடிக்க எழுதிய பிரிவு பிள்ளைகளையும் வயதான தாயையும் மிரட்டப் பயன்படுகிறது. மாமூல் கேட்டு யாராவது இதைச் சொன்னால் பணம் கொடுக்காதே, தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போ. படிப்பை நிறுத்தாதே.

ஸ்வீடனைப் போல வாடிக்கையாளரை மட்டும் தண்டித்தால் என்ன? (வாசகர், மாட்டுங்கா)

நல்லெண்ணத்தில் கேட்கிறீர்கள். ஸ்வீடன் 1999இல் அப்படிச் செய்தது. ஆனால் போலீசுக்குப் பயப்படும் வாடிக்கையாளர் வெளிச்சமுள்ள இடத்துக்கு வரமாட்டார். ஆளைப் பார்த்து எடைபோடத் தொழில் செய்யும் பெண்ணுக்கு நேரமும் கிடைக்காது. நியூசிலாந்து 2003இல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. நான்கு பேர் வரை உரிமச் சான்று இல்லாமல் சேர்ந்து நடத்தலாம். தாராவி வாசகி கேட்பதும் இதைத்தான். எனக்கு இந்த வழிதான் சரியென்று படுகிறது.

கடத்தப்பட்டவர்கள் விஷயம் முற்றிலும் வேறு. கடத்தி வரப்பட்டவர் என்று தெரிந்தே ஒருவரைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துபவருக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. குழந்தை என்றால் தண்டனை இன்னும் கடுமை. அங்கே துளியும் இரக்கம் கூடாது.

முகவரிச் சான்று இல்லாமல் ஆதார் கிடைக்குமா? (வாசகி, பாண்டுப்)

கிடைக்கும். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் தரும் சான்றிதழ் போதும். உங்கள் தொழிலைக் காட்டும் எந்தக் குறியீடும் அட்டையில் இருக்கக் கூடாது என்பதும், ஆணுறை பற்றி மேலே சொன்ன அதே உச்ச நீதிமன்ற வழக்கில் வந்த உத்தரவு.